தானாக முளைத்த செடியை யாரிடம் காட்டிக் கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி மழை பெய்த பத்தே நாளில் எங்கள் வீட்டுக் காய்கறித் தோட்டத்தில் கத்தரி, வெண்டைக்கு நடுவே நாங்கள் விதைக்காத செடிகள்தான் அதிகமாக நின்றன. அதில் ஒன்று அசப்பில் கத்தரி நாற்று போலவே இருந்தது. போன வருடம் பழுத்து விழுந்த காயிலிருந்து வந்திருக்கும் என்று நினைத்து ஒரு மாதத்துக்கு மேல் தண்ணீர் விட்டு வளர்த்தேன், பக்கத்திலேயே முளைக்கீரைப் பாத்தி வேறு. வெள்ளையாக, நீளமாக, குழல் போலப் பூ வந்த பிறகுதான் அது ஊமத்தை என்று தெரிந்தது. கத்தரியும் ஊமத்தையும் ஒரே குடும்பம், ஆனால் ஊமத்தையில் இலையிலிருந்து விதை வரை எல்லாமே விஷம். கீரை பறிக்கும்போது என் மகள் அதிலும் நாலு இலை கிள்ளிப் போட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது.

செல்போனில் படம் எடுத்தால் பெயர் சொல்லும் செயலி இருக்கிறதே என்பார்கள். நாங்களும் பார்த்தோம். பூக்காத ஒரே செடிக்குக் காலையில் ஒரு பெயர், சாயங்காலம் இன்னொரு பெயர். அதை நம்பிக் குழம்பில் போட முடியுமா?

என் மாமியார் கையில் எடுத்துப் பார்த்தே சொல்லிவிடுகிறார். தரையோடு படர்ந்த இரண்டு செடிகள் எனக்கு ஒன்றாகவே தெரிந்தன. தண்டு சதைப்பற்றாக, பூ இலைக்கணுவிலேயே ஒட்டி இருந்தால் சாரணை, மெல்லிய காம்பில் குட்டிக் குட்டியாக ஊதாப் பூ நீட்டிக்கொண்டு இலையின் அடிப்பக்கம் வெளிறி இருந்தால் மூக்கிரட்டை என்று பிரித்துக் காட்டினார். குப்பைக்குழியில் தானாக வந்த சுரைக்கொடியில் முதல் காயைக் கீறித் துளி நாக்கில் வைத்தவர், கசந்ததும் துப்பிவிட்டு கொடியையே பிடுங்கச் சொன்னார். கசக்கும் சுரைக்காயில் இருக்கும் குக்கர்பிட்டாசின் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. 2010இல் டெல்லியில் சுரைக்காய்ச் சாற்றைப் பாகற்காய்ச் சாற்றோடு கலந்து குடித்த ஒரு விஞ்ஞானியே இறந்துபோனார்.

சரி, இப்படி ஒரு பெரியவர் இல்லாத வீடுகள் என்ன செய்யும்? உங்கள் விவசாயப் பக்கத்தில் வாரம் ஒரு செடியைப் படத்தோடு போடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். பூத்து நிற்கும் அழகான படம் மட்டும் போதாது, களையை யாரும் பூக்க விடுவதில்லையே. இரண்டு இலை விட்ட நாற்று, இலையின் அடிப்பக்கம், பூ, காய் என்று நாலும் வேண்டும். ஊர்ப் பெயர்களையும் விடாமல் போடுங்கள், வெட்டுக்காயப்பூண்டு, கிணற்றடிப்பூண்டு, தாத்தாப்பூ என்று ஒரே செடியை மூன்று விதமாகச் சொல்கிறோம்.

அப்புறம், 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இன்று பல ஊர்களில் இருக்கிறது. வாரத்தில் ஒரு காலை அங்கே ஒரு மேசை போட்டு, வேளாண் கல்லூரி மாணவர் ஒருவரும் கீரை விற்கும் அம்மா ஒருவரும் உட்கார்ந்தால், நாங்கள் செடியை வேரோடு கொண்டுவந்து காட்டிக் கேட்டுக்கொள்வோம். அதிகாரிகள் இதைப் படித்தால் யோசிக்கட்டும்.

எங்கள் பாத்தியில் ஒரு செடி இன்னும் நிற்கிறது. இலையைக் கசக்கினால் சீரகம் மாதிரி மணக்கிறது, மாமியாருக்கே தெரியவில்லை. பூக்கட்டும் என்று குச்சி நட்டு அடையாளம் வைத்திருக்கிறேன். பூத்ததும் படம் அனுப்புகிறேன், தெரிந்த வாசகர்கள் பெயர் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகி, கோயம்புத்தூர்