மலையைச் சொல்லிக்காட்டியவர்களுக்கு நன்றி

மேல்மலை, கீழ்மலை, கொடைக்கானல் டவுன் என்று மூன்று பக்கத்திலிருந்தும் எங்கள் கதை நடைக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

சீசன் கூட்டம் இறங்கிவிட்டது. இப்போது எழுதினால்தான் உங்களுக்கும் படிக்க நேரம் இருக்கும் என்று இத்தனை நாள் காத்திருந்தோம்.

நாங்கள் செய்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. ஓர் இடத்தின் கதை தெரிந்தவரை அந்த இடத்திலேயே உட்காரவைத்தோம், கேட்க ஆள் சேர்த்தோம், அவ்வளவுதான். மண்டபம் வேண்டாம், மைக் வேண்டாம் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தோம். மண்டபத்தில் சொன்னால் கைதட்டிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். இடத்தில் வைத்துச் சொன்னால், "எந்தப் பாறை? எந்தப் பக்கமா இறங்குனாங்க?" என்று கேட்டுக்கொண்டு கூடவே வருவார்கள்.

முதல் நன்றி வெள்ளகவி ஊருக்கு. கும்பக்கரையிலிருந்து காட்டு வழியாக ஏறினால் வரும் ஊர். ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. எங்கள் பிள்ளைகளும் எல்லையிலேயே ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மாச்சி, "மெல்ல வாங்க, கல்லு ஒண்ணும் ஓடிப் போகாது" என்று சிரித்தார். அப்புறம் டோலிக் கதையை ஆரம்பித்தார்.

1845-ல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறினார்கள். 1910-களில் லாஸ் காட் சாலையில் மோட்டார் வண்டி ஏறும்வரை, துரைமாரும் அவர்கள் வீட்டுப் பெண்களும் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து குதிரையிலும் டோலியிலும்தான் மேலே போனார்கள். ஏரியை வெட்டுவித்த கலெக்டர் லெவிஞ்சின் பெயர் ஊருக்கே தெரியும். டோலி தூக்கியவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. அம்மாச்சிக்கு அவர்களில் ஒருவர் தாத்தா. "தொரைகளத் தூக்குனது எங்க தாத்தா. மொதப் பிரசவத்துல என்னையத் தூக்கிட்டு இறங்குனது எங்க மாமாவும் கொழுந்தனுங்களும்" என்றார். தோள் மாற்றும் இடங்களை விரல் மடக்கிச் சொன்னார். ஓரிடத்தில் தண்ணீர் கிடைக்கும். ஓரிடத்தில் காற்றே வராது. ஓரிடத்தில் அட்டை கடிக்கும், அங்கே நிற்கவே கூடாது. திரும்பி வரும்போது பிள்ளைகள் அந்த இடங்களை ஒன்று விடாமல் கண்டுபிடித்து நின்றார்கள். அட்டை இருக்கும் இடத்தில் ஓடினார்கள்.

அடுத்து டாக்ஸி ஸ்டாண்டு அண்ணன்மாருக்கு. இந்த மலையின் கதையை வெளியூர்க்காரர்களுக்கு அதிகம் சொல்வது நூலகமோ பள்ளிக்கூடமோ அல்ல, நீங்கள்தான். சவாரி கேன்சல் ஆனதால் சும்மா வந்து நின்ற ஒருவர், டோலிக் கதையை முழுக்கக் கேட்டார். இப்போது கோக்கர்ஸ் வாக்கில் வண்டியை நிறுத்தினால், கீழே தெரியும் சமவெளியைக் கைகாட்டி அந்தக் கதையைச் சொல்கிறாராம். பேய்க் கதைக்குத்தான் டிப்ஸ் அதிகம் என்பதையும் அவரே சொன்னார். இரண்டையும் சொல்லுங்கள் அண்ணே, எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.

தாண்டிக்குடியில் தன் காப்பித் தோட்டத்தைத் திறந்துவிட்ட விவசாயிக்கு நன்றி. தோட்டத்து ஓரத்தில் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடிவைத்த கற்திட்டை இருக்கிறது. பாண்டவர்கள் தங்கிய வீடு என்றார் ஒரு பெரியவர். குள்ளர்கள் கட்டியது என்றார் இன்னொருவர். இரண்டு பேருக்கும் வாக்குவாதம் முற்றி, மிளகுக் கொடி ஏற வந்த ஆட்களும் வேலையை விட்டுவிட்டு நின்றுவிட்டார்கள். கூட வந்த கல்லூரி ஆசிரியர் இடையில் புகவில்லை. அவர்கள் முடித்த பிறகு, இவை பெருங்கற்கால மக்கள் இறந்தவர்களுக்காக எழுப்பியவை என்று நிதானமாக விளக்கினார். பழனி மலையின் கற்திட்டைகளைப் பற்றிச் செண்பகனூர்ப் பாதிரியார்கள் 1928-லேயே எழுதிவைத்ததையும் சொன்னார். பெரியவர்கள் சொன்னதைக் கட்டுக்கதை என்று அவர் ஒதுக்கவில்லை. அந்தப் பண்புக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். வேலிக்கு உதவும் என்று அந்தக் கல்லைப் பெயர்க்க நினைத்திருந்த விவசாயி, இப்போது சுற்றிலும் களை எடுத்து வைத்திருக்கிறார்.

பளியர் பழங்குடியினரின் குடியிருப்பில் எங்களோடு பேசிய பெரியவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. தேன் எடுக்கும் பாறையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவர், பாதியில் நிறுத்தி, "இதுக்கு மேல வெளியில சொல்ற கதை இல்ல" என்றார். செல்போனில் பதிவு செய்துகொண்டிருந்த தம்பி அதை அணைத்துப் பையில் போட்டான். சொல்லாமல் விட்டதற்கும் சேர்த்துத்தான் ஐயா இந்த நன்றி. பிறகு பேச்சு, பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை பூக்கும் குறிஞ்சிக்குத் தாவியது. எத்தனை பூப்புப் பார்த்தோம் என்று வயதைக் கணக்கிடும் வழக்கத்தைச் சொன்னார். 2018-ல் பூத்தபோது அம்மா இடுப்பில் இருந்த பிள்ளைகள், 2030-ல் எந்தச் சரிவுக்கு யாரோடு போவது என்று அங்கேயே சண்டை பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

வான்ஆய்வகத்தின் கதையைச் சொன்ன ஓய்வு பெற்ற ஊழியருக்கும் நன்றி. நூறு வருடத்துக்கு மேலாக நம் ஊரிலிருந்து சூரியனைப் படம் பிடித்துவருகிறார்கள் என்பது டவுனில் பிறந்த எங்களில் பலருக்கே செய்தி. "மேகமா இருந்தா என்ன சார் செய்வீங்க?" என்று ஒரு பையன் கேட்டான். "உக்காந்திருப்போம்" என்றார்.

அனுமதி தந்த வனத்துறை அலுவலர்களுக்கும், கூடவே நடந்து வந்த வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கும், வரைபடத்தைப் பாதி விலைக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த கடைக்காரருக்கும், காசே வாங்காமல் சுக்குக் காப்பி ஊற்றிய அக்காவுக்கும், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை எங்களை நம்பி அனுப்பிய பெற்றோருக்கும் நன்றி. யார் பெயரையும் போடவில்லை. பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் சொல்லிவிட்டார்கள், மீதிப் பேரை மட்டும் போட்டால் நன்றாக இருக்காது.

பதிவுகளைக் கதை சொன்னவர்களுக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் சரி என்றதை மட்டும் நூலகத்தில் வைக்கப் போகிறோம். உங்கள் பதிவில் ஏதாவது நீக்க வேண்டுமென்றால் சொல்லுங்கள், கேள்வி கேட்காமல் நீக்கிவிடுவோம். அடுத்த நடை பூம்பாறையில். பூண்டு எடுப்பு முடியட்டும் என்கிறார்கள், முடிந்ததும் தேதி சொல்கிறோம். தாண்டிக்குடியில் யாரோ மறந்துவிட்ட நாலடுக்கு டிபன் கேரியர் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. அடியில் "ரா.செ." என்று வெட்டியிருக்கிறது. உரியவர் வந்து வாங்கிக்கொள்ளவும்.

அன்புடன்,
கதை நடைக்காரர்கள்
கொடைக்கானல்