கலியாணத்துக்கு வந்த வாளி

ஆசிரியர் அவர்கட்கு,

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் உறவுகள் கலியாணப் பரிசு அனுப்பமுன்னர் ஒரு கோல் எடுத்துக் கேட்டுவிட்டு அனுப்பினால் நல்லது. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன ஆவணியில் விசுவமடுவில் என் தங்கையின் மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை கணித ஆசிரியர். என் அண்ணனின் மகன், எனக்குப் பெறாமகன், லீவு கிடைக்காமல் இலண்டனிலேயே நின்றுவிட்டான். வராத குறைக்குக் கப்பலில் ஒரு பெட்டி போட்டிருந்தான். நாலாம் சடங்கு முடிந்த பின்னேரம், விறாந்தையில் எல்லாரும் இருக்க அதைப் பிரித்தார்கள்.

மூடி போட்ட பெரிய வெள்ளை வாளி, அடியில் ஒரு குழாய். பாம்புபோல் வளைந்த சின்னப் பிளாஸ்டிக் குழல். நீளமான ரியூப். கண்ணாடிக் குழல் ஒன்று, அதற்குள்ளே கோடும் இலக்கமும் போட்ட கடதாசிச் சுருள். ஒன்று தசம் ஏழு கிலோ என்று எழுதிய ஒரு பேணி. பனடோல் அட்டை அளவில் ஒரு பைக்கற்.

"தண்ணி வடிக்கிற சாமான்" என்றார் மாப்பிள்ளையின் மாமன். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும், அதனால் எவருக்கும் முதலில் வருவது அந்த நினைப்புத்தான். என் தங்கை கண்ணாடிக் குழலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "அண்ணை, இது பால் பாக்கிற சாமான் எல்லோ!" பதினைந்து வருடமாகப் பால் சேகரிக்கும் இடத்துக்குப் பால் கொடுக்கிறவள் அவள். அங்கே அவளுடைய பாலுக்குள் தினமும் மிதக்கவிடுவது இப்படி ஒன்றைத்தான். சொன்ன கையோடு குசினிக்குள் போய், உயரமான கிளாஸ் ஒன்றில் கறந்த பாலைக் கொண்டுவந்து அதை விட்டாள். ஆடி ஆடி 1.030இல் நின்றது. "தண்ணி கலக்கேல்லை" என்று சபைக்கு அறிவித்தாள். பிழையில்லை. கலப்பில்லாத பசுப்பால் 1.028க்கும் 1.032க்கும் நடுவில்தான் நிற்கும்.

எனக்கு விளங்கிவிட்டது. நான் 26 வருடம் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கமொன்றில் எழுதுவினைஞராக இருந்தவன். அப்பா மரம் ஏறிக் கள் இறக்குகிற சீவல் தொழிலாளி. அந்தக் குழல், இனிப்பில் எவ்வளவு மதுவாக மாறியிருக்கிறது என்று பார்க்கிற மானி. வாளி, புளிக்கவைக்க. வளைந்த குழலுக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடியில் செருகினால், உள்ளே உண்டாகிற வாயு குமிழி குமிழியாக வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. பைக்கற்றில் ஈஸ்ற். பேணிக்குள் இருப்பது முளைகட்டிக் காயவைத்த பார்லியின் சாற்றைப் பாணியாக வற்றவைத்தது, அதோடு ஹொப்ஸ் என்கிற பூவின் கசப்பும். எங்கள் வீடுகளில் பார்லி என்றால் கால் வீங்கினவர்களுக்கு அவித்துக் கொடுக்கிற தண்ணீர். அதற்குள் 23 லீற்றர் பியர் ஒளிந்திருக்கும் என்று யார் கண்டது!

மாப்பிள்ளை அதற்குள் பெட்டியோடு வந்த வாழ்த்து அட்டையை உரத்து வாசிக்கத் தொடங்கியிருந்தார். "மச்சாளும் அண்ணையும் சேர்ந்து வீட்டிலேயே காய்ச்சிக் குடியுங்கோ. முதல் போத்தல்..." அதோடு நிறுத்திவிட்டார்.

வன்னியில் 'காய்ச்சுகிறான்' என்றால் பாலும் இல்லை, கஞ்சியும் இல்லை, கசிப்பு, கள்ளமாக வடிக்கிற சாராயம். 'அவை வீட்டில காய்ச்சினம்' என்று ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்லிவிட்டால் அந்தப் படலையைத் தாண்டிச் சம்பந்தம் பேச யாரும் போகமாட்டார்கள். மாப்பிள்ளையின் தாயார் ஒன்றும் பேசவில்லை. எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார். அவருடைய கணவர் நாற்பத்தேழு வயதில் எதனால் போனார் என்பது ஊருக்குத் தெரியும். இலண்டனில் இருக்கிறவனுக்குத் தெரிய நியாயமில்லை.

அன்றிரவே அவனைக் கூப்பிட்டேன். பாவம், பதறிப்போனான். "சித்தப்பா, இது கசிப்பில்லை. இங்கை கலியாணத்துக்கு இதை விரும்பிக் குடுக்கிறவை. புருசனும் பெஞ்சாதியும் சேர்ந்து செய்யிற ஒரு பொழுதுபோக்கு." அவன் சொன்னது சரி. புளிக்கவைப்பது வேறு, வடிப்பது வேறு. வாளியில் வருவது நாலு, ஐந்து வீத மது. அடுப்பு மூட்டி ஆவியாக்கி வடித்தால்தான் அது கசிப்பின் வழிக்குப் போகும். இலண்டனிலும் வீட்டில் வடித்தால் குற்றம்தான் என்று அவனே சொன்னான். பியரை வீட்டுக்குச் செய்யலாம், விற்கத்தான் கூடாதாம்.

ஆனால் இங்கே, வடிக்கமுன்னர் பரலில் புளித்துக்கொண்டிருப்பதற்கும் ஒரு பெயர் இருக்கிறது. கோடா. உங்கள் பத்திரிகையிலேயே எத்தனை தடவை போட்டிருக்கிறீர்கள், இத்தனை லீற்றர் கோடா மீட்பு, சந்தேகநபர் கைது என்று. அறைக்குள் ஒரு வாளி நுரைத்துக்கொண்டிருந்தால், அது இலண்டன் பார்லி என்று எந்த உத்தியோகத்தருக்கு நின்று விளங்கப்படுத்துவது? அதுவும் ஒரு கணித ஆசிரியர்! விளங்கினாலும் சட்டம் மாறாது. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் செய்ய முடியாது. கள் இறக்கவும் அனுமதி வேண்டும். 26 வருடமும் அந்தத் தாள்களோடுதான் என் சீவியம் போனது.

பெறாமகன் பிறகு தேடிப்பார்த்து இன்னொன்று அனுப்பினான். இங்கிலாந்திலும் 1880இல் வந்த சட்டத்தால் வீட்டில் பியர் செய்கிறவரும் அனுமதிப்பத்திரம் எடுக்கவேண்டியிருந்ததாம். 1963 வரவு செலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் றெஜினோல்ட் மோட்லிங் அதை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் இந்த வாளி வியாபாரமே பெருகியது. வெள்ளைக்காரன் தன் வீட்டுக்குப் போட்ட பூட்டை 1963இல் கழற்றிவிட்டான். எங்களுக்கு 1912இல் போட்டது, அவன் போன பிறகும் அப்படியே தொங்குகிறது. அதைக் கழற்றச் சொல்லி நான் எழுதவில்லை. கசிப்புப் பெருகிக் கிடக்கிற ஊரில் அது லேசான கதையுமில்லை. சீவுகிறவருக்குக் கொஞ்சம் இளக்கிவிடலாம், அவ்வளவுதான்.

இனி வாளிக்காரர் யோசிக்காத ஒன்று வெக்கை. அந்த ஈஸ்ற்றுக்கு 18 முதல் 22 பாகை வரையான குளிர் வேண்டும் என்று தாளில் போட்டிருக்கிறது. எங்களுக்குச் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இருப்பு. அந்தச் சூட்டில் ஈஸ்ற் கண்டபடி வேலை செய்து வேண்டாத மணமெல்லாம் கொண்டுவரும். முழுக்கப் புளித்து அடங்கமுன்னர் அவசரப்பட்டுப் போத்தலில் அடைத்தால் போத்தல் வெடிக்கும்.

இத்தனை பாடும் எதற்கு? அப்பா விடியமுன்னர் தளைநார் போட்டு ஏறி, பாளையை மெல்லிசாகச் சீவி, முட்டியைக் கட்டிவிட்டு இறங்குவார். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசியிருந்தால் கருப்பநீர், அதை வற்றக் காய்ச்சினால் பனங்கட்டி. பூசாவிட்டால் கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்புதான். பைக்கற் ஈஸ்ற் எதுவும் தேவையில்லை. முட்டியிலும் காற்றிலும் இருப்பதே போதும், மரத்தில் தொங்கும்போதே புளிக்கத் தொடங்கிவிடும். காலையில் இறக்கியது பின்னேரம் கடுத்துப்போகும், இரண்டு நாள் விட்டால் வினாகிரிதான். அப்பாவுக்கு மானி கிடையாது. முட்டியைக் காதோடு வைத்து நுரை இரைகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இது கள்ளுத் தவறணைக்கு, இது வீட்டுக்கு" என்று பிரித்து வைப்பார். நான் குடிக்காதவன் என்று பொய் எழுதவில்லை. பனைக்காலத்தில் ஓலையில் கோலிய ஒரு பிளா கள், அதற்கு மேல் இல்லை.

வாளி அனுப்பிய பெறாமகன் அந்த மனிதரின் பேரன். தாத்தா என்ன தொழில் செய்தார் என்று அவனுக்கு யாரும் விளக்கமாகச் சொன்னதில்லை. அண்ணன் சொல்லமாட்டார், சொல்ல வெட்கம். இந்தத் தொழிலைச் சொன்னால் சாதியும் கூட வந்து நிற்கும் என்பது எங்களுக்கெல்லாம் தெரிந்ததுதானே.

பெட்டி பிரித்த அன்று மருமகளின் தம்பி வாளியைப் படமெடுத்து முகநூலில் போட்டுவிட்டான். 'கலக்கல் பரிசு', 'எங்களுக்கும் ஒரு போத்தல்' என்று கருத்துகள் குவிந்தன. அதில் ஒருவர், பெயர் வேண்டாம், கலியாணத்தன்று என் காதுக்குள் வந்து ஒரு கேள்வி கேட்டவர். என் சித்தப்பாவின் மகன், எனக்குத் தம்பி முறை, இன்றைக்கும் மரம் ஏறுகிறவன், பந்தலில் முன்வரிசையில் இருந்தான். "அவரைக் கொஞ்சம் பின்னுக்கு இருத்தினால் என்ன?" என்பதுதான் கேள்வி. அந்தத் தம்பி கொண்டுவந்த பரிசு, ஓலைக் குட்டானில் நூறு பனங்கட்டி. அந்தப் பருவத்தில் அவன் மனைவி காய்ச்சியது. அது வீடியோவில் இல்லை, முகநூலிலும் இல்லை. ஓலைப்பெட்டியோடு குசினிக்குப் போய், நாலாம் சடங்குக்குள் முக்கால்வாசி தேநீரோடு கடிபட்டு முடிந்தது. ருசியாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள், யார் தந்தது என்று எவரும் கேட்கவில்லை. அதே புளிப்பு இலண்டன் விலாசம் ஒட்டின அட்டைப்பெட்டியில் வந்தால் பொழுதுபோக்கு, இங்கே மரத்தில் இருந்து இறங்கினால் பின்வரிசை.

பெறாமகனில் எனக்குக் கோபமில்லை. எழுபது பவுண் கொடுத்து வாங்கி, கப்பல் கூலியும் கட்டியிருக்கிறான். கேட்டிருந்தால் அந்தக் காசுக்கு ஒரு தண்ணீர்த் தாங்கி எடுத்திருக்கலாம் என்று புதுத் தம்பதிகள் சொல்லியிருப்பார்கள். வருகிற பங்குனியில் வருகிறானாம். விடியப்புறம் எழுப்பித் தம்பியோடு தோட்டத்துக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். முட்டியைக் காதில் வைத்துப் பார்க்கட்டும்.

பேணி இன்னும் அலுமாரிக்கு மேல் உடைக்காமல் இருக்கிறது. வைகாசியோடு திகதி முடிகிறது. அதை மாட்டுக்கு வைக்கலாமா என்று தங்கை கேட்கிறாள், தெரிந்தவர்கள் இந்தப் பகுதிக்கு எழுதினால் உதவியாக இருக்கும். மாப்பிள்ளை வீட்டில் வைத்திருக்க விரும்பாததால் மிச்ச எல்லாம் அவளிடம்தான். வாளியில் தவிடு கரைக்கிறாள். மானி ஒவ்வொரு காலையும் பாலுக்குள் போகிறது. வீட்டில் பார்க்கிற கணக்கும், பால் கொடுக்கிற இடத்தில் சொல்கிற கணக்கும் இந்த மாதம் மூன்று தடவை ஒத்துவரவில்லை. அதைப்பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுதச் சொல்லி நிற்கிறாள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்க எழுதுவினைஞர்,
விசுவமடு.