வகுப்பெடுக்கத் தயங்கும் என் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீச்சல் குளத்தில் லைஃப்கார்டாக, யாரும் மூழ்காமல் காவல் காக்க உயரமான நாற்காலியில் விசிலோடு உட்காரும்போது வராத பயம், ஆறேழு பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கத் தண்ணீரில் இறங்கியதும் வருகிறது, குரலே எழும்பமாட்டேன் என்கிறது என்றாய்.

அம்மாவுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. மூழ்குகிறவர்கள் பெரும்பாலும் கத்துவதில்லை, கையை ஆட்டிக் கூப்பிடுவதில்லை, நிமிர்ந்தபடியே சத்தமில்லாமல் தத்தளித்து ஒரு நிமிடத்துக்குள் உள்ளே போய்விடலாம் என்பது உனக்குத் தெரியும். தெரிந்தவளுக்கு, ஒரு பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு மற்றவர்களையும் கவனிப்பது பதற்றமாகத்தான் இருக்கும். அதனால் முதலில் ஒன்றைக் கறாராகப் பிடித்துக்கொள்: நீ வகுப்பெடுக்கும் நேரத்தில் காவலுக்கு வேறொரு லைஃப்கார்டு இருக்க வேண்டும். இறங்குவதற்கு முன் மேலே யார் என்று பார், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கு. ஆள் இல்லையென்றால் தொடங்காதே, மேலாளர் முகம் சுளித்தாலும் சரி. அந்தப் பாரம் தோளிலிருந்து இறங்கினால் பாதிப் பதற்றம் போய்விடும். அதற்காகப் பிள்ளைகளுக்கு முதுகு காட்டிவிடாதே, ஒருவனோடு இருக்கும்போது மற்றவர்கள் விளிம்பைப் பிடித்தபடி உன் கண் முன்னால்தான் இருக்க வேண்டும்.

அப்புறம், மல்லாந்து மிதக்கச் சொன்னாலே உன் கழுத்தைக் கட்டிக்கொள்கிறானே ஒரு பையன், அவனிடம் "பயப்படாதே" என்று சொல்லாதே, அதைக் கேட்டுப் பயத்தை விட்டவர் யாருமில்லை. உன் தோள் நனையும் அளவுக்குத் தாழ்ந்து, கண்ணுக்கு நேர் கண் வைத்து, என்ன நடக்கப்போகிறது என்பதை மட்டும் சொல். காது தண்ணீருக்குள் போனதும் சத்தமெல்லாம் மாறிவிடும், பல பிள்ளைகள் திடுக்கிட்டுத் தலையைத் தூக்குவது அங்கேதான், தலை தூக்கினால் இடுப்பு இறங்கிவிடும். "காதில் தண்ணீர் படும், சத்தம் வேறு மாதிரி கேட்கும், என் கை கீழேயே இருக்கும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடு. மூச்சை இழுத்து நெஞ்சை நிறைக்கச் சொல், வயிற்றை மேலே தூக்கச் சொல். மூன்று எண்ணித் தூக்குவேன் என்றால் மூன்றில் தூக்கு, நன்றாக மிதக்கிறானே என்று நான்கு வரை இழுத்தால் அடுத்த தடவை உன்னை நம்பமாட்டான். நம்பினால் அவன் கழுத்து உன் உள்ளங்கையில் தளர்வது உனக்கே தெரியும், அதற்குப் பிறகு இரண்டு விரல் போதும். அந்த நேரத்தில் உன் குரலைப் பற்றிய நினைப்பே உனக்கு இருக்காது.

ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர் உன்னை எடைபோடுகிறார்கள் என்றாய். அவர்கள் கண் தங்கள் பிள்ளை மேல்தான் இருக்கும், நான் அப்படி உட்கார்ந்தவள், சொல்கிறேன். வகுப்பு முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் அன்று அவர்கள் பிள்ளை புதிதாகச் செய்த ஒன்றைச் சொல், போதும்.

மீட்புப் பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே. மூழ்கியவருக்கு முதலில் தேவை காற்று, அதனால் மூச்சு கொடுத்துத் தொடங்கி, பிறகு நெஞ்சில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று மாறி மாறிப் போவது யோசிக்காமலே கைக்கு வர வேண்டும். சான்றிதழ் வாங்கியாயிற்று என்று இருந்துவிட்டால் கை மறந்துவிடும், வேலை முடிந்த பிறகு தோழிகளோடு பயிற்சிப் பொம்மையை எடுத்து வைத்துச் செய்து பார்.

அடுத்த வகுப்பில் அந்தப் பையன் காதை நனைத்தானா என்று எழுது.

அன்புடன்,
அம்மா