கேட்ட பொருள் கிடைக்காதபோது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். புதிதாக ஒன்றைச் சமைக்க உட்காருகிறீர்கள். எல்லாம் இருக்கிறது, ஒரு பொருள் மட்டும் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. எங்களிடம் கேட்கும்போதும் பல நேரம் "இல்லை" என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. வெறும் "இல்லை" உங்களுக்கு உதவாது. அது ஏன் வருவதில்லை, அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லவே இம்மடல்.

குறிப்பில் இருக்கும் பொருள் மணத்துக்காக வருகிறதா, ஒரு வேலையைச் செய்ய வருகிறதா என்று முதலில் பாருங்கள். உருக வைக்க, நுரையைத் தாங்க, மாவை இறுக்க என்று வேலைக்கு வரும் பொருளைப் பெரும்பாலும் வீட்டிலேயே ஈடுகட்டிவிடலாம். மணத்துக்கு வருவதை உண்டாக்க முடியாது. அதைத் தரம் பார்த்து வாங்க வேண்டும், அல்லது வேறு பண்டம் சமைக்க வேண்டும்.

சீஸ் சாஸ் செய்தால் எண்ணெய் தனியாகவும் கட்டி தனியாகவும் திரிந்துவிடுகிறது என்பவர்கள் கேட்பது சோடியம் சிட்ரேட். சீஸில் உள்ள கேசின் என்னும் புரதத்தைக் கால்சியம் பிணைத்து வைத்திருக்கிறது. சிட்ரேட் அந்தக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் புரதம் தளர்ந்து நீரில் பரவி, கொழுப்பைப் பிரியவிடாமல் தாங்குகிறது. 300 கிராம் சீஸுக்கு 250 மில்லி திரவமும் 12 கிராம் சோடியம் சிட்ரேட்டும் போதும். இதை வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. ஈரமற்ற சிட்ரிக் ஆசிட் 9 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்து, 12 கிராம் சமையல் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேருங்கள். பொங்கி வழியும் என்பதால் பெரிய பாத்திரம் வேண்டும். நுரை அடங்கியதும் ஒரு கொதி விட்டால் சோடியம் சிட்ரேட் கரைசல் தயார். சிட்ரிக் ஆசிட் பொட்டலத்தில் 'மோனோஹைட்ரேட்' என்று இருந்தால் 9 கிராமுக்குப் பதில் 10 கிராம் எடுங்கள். இந்தக் கரைசலோடு 150 மில்லி பால் சேர்த்து, மிதமான சூட்டில் துருவிய சீஸைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுக் கலக்குங்கள். சோடா கூடினால் சோப்பு வாடை வரும், ஆசிட் கூடினால் சாஸ் மறுபடி திரியும். கரண்டி அளவு இங்கே சரிப்படாது, கிராம் காட்டும் தராசு கட்டாயம் வேண்டும்.

ராமென் நூடுல்ஸுக்கான கான்சுய் காரத் தண்ணீரும் இப்படித்தான். சோடியம் கார்பனேட், பொட்டாசியம் கார்பனேட் ஆகியவற்றின் கரைசல் அது. சமையல் சோடாவை 150 டிகிரி செல்சியஸ் அவனில் ஒரு மணி நேரம் வைத்தால், நீராவியும் கரியமில வாயுவும் வெளியேறி சோடியம் கார்பனேட் ஆகிவிடும். சரியாக மாறியதா என்பதற்கு எடைதான் சாட்சி: 100 கிராம் போட்டால் ஏறக்குறைய 63 கிராம் மிஞ்ச வேண்டும். 70-க்கு மேல் நின்றால் இன்னும் வைக்க வேண்டும். அலுமினியத் தட்டை அரித்துவிடும் என்பதால் கண்ணாடி அல்லது எஃகுத் தட்டைப் பயன்படுத்துங்கள். இது தோலை எரிக்கும், ஈரக்கையால் தொடாதீர்கள். 100 கிராம் மாவுக்கு 1 கிராம் அளவு. பிசையும் தண்ணீரில் முழுக்கக் கரைத்த பிறகே மாவில் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் நூடுல்ஸில் மஞ்சள் புள்ளிகள் விழும்.

கிரீம் ஆஃப் டார்டர் ஒயின் தயாரிப்பில் படியும் உப்பு. முட்டை வெள்ளைக்கரு நுரையைத் தாங்கத்தான் வேண்டும் என்றால் தேடி அலைய வேண்டாம், ஒரு வெள்ளைக்கருவுக்கு அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு அதே வேலையைச் செய்யும்.

ரொட்டிக்கான மாவு கேட்பவர்கள் கையில் இருக்கும் மைதா பொட்டலத்தில் புரத அளவைப் பாருங்கள். 100 கிராமுக்கு 10 கிராம் இருந்தால், அந்த மைதா 480 கிராமோடு கோதுமை குளூட்டன் தூள் 20 கிராம் கலந்தால் ரொட்டி மாவின் பலம் வந்துவிடும். தூளில் முக்கால் பங்குக்கு மேல் புரதம் இருக்கிறது, அது தண்ணீரையும் இழுக்கும். பிசையும்போது 25 மில்லி கூடுதலாக விடுங்கள். தூளை உலர்ந்த மாவோடு நன்கு கலந்து சலித்துவிட வேண்டும், நேராக ஈரத்தில் போட்டால் ரப்பர் போல உருண்டுகொள்ளும்.

பச்சை ஈஸ்ட் நாங்கள் வைப்பதில்லை. குளிர்பெட்டியிலேயே இரண்டு மூன்று வாரம்தான் உயிரோடு இருக்கும். வாங்கும் அன்று அது எத்தனை நாள் பழையது என்று உங்களுக்கும் தெரியாது. குறிப்பில் 10 கிராம் பச்சை ஈஸ்ட் என்று இருந்தால் உலர் ஈஸ்ட் 4 கிராம், இன்ஸ்டன்ட் என்றால் 3 கிராம் சற்று மேலே போடுங்கள். வித்தியாசம் தெரியாது.

இனி மணத்துக்கானவை. இவற்றில்தான் ஏமாற்றமும் போலியும் அதிகம்.

தாய்லாந்துச் சமையலில் போடும் மக்ரூட் எலுமிச்சையின் பச்சை இலையைப் பலரும் கேட்கிறீர்கள். எலுமிச்சைக் குடும்பச் செடிகளைத் தாக்கும் சொறிநோய் இலையோடு எல்லை தாண்டிவிடும் என்பதால் பல நாடுகள் பச்சை இலையைத் தடுக்கின்றன. அதே குடும்பத்தைச் சேர்ந்த சீன மசாலாவான சிச்சுவான் மிளகையும் அதே அச்சம் விடவில்லை. அமெரிக்கா அதை 1968-இல் தடை செய்து, சூடாக்கிப் பதப்படுத்தினால் வரலாம் என்று 2005-இல்தான் விட்டது. இலையை உலர்த்தினால் மணத்தில் பெரும்பகுதி போய்விடும். உறைந்த இலை கிடைத்தால் அதையே வாங்குங்கள். அதுவும் இல்லையென்றால் பச்சை எலுமிச்சையின் தோல் துருவலோடு எலுமிச்சைப்புல் சிறிது சேர்ப்பது ஓரளவு அருகில் வரும்.

சிச்சுவான் மிளகை எளிதில் ஈடுகட்ட முடியாது. நாக்கைத் துடிக்க வைப்பது அதிலுள்ள சான்ஷூல் என்னும் வேதிப்பொருள், மிளகிலோ மிளகாயிலோ அது இல்லை. மணமும் துடிப்பும் தோட்டில்தான் உண்டு. உள்ளிருக்கும் கருவிதை மணல்போல் பல்லில் நறநறக்கும், பொறுக்கி எறியுங்கள். ஒரு தோட்டை மென்று பாருங்கள், ஒரு நிமிடத்தில் நாக்கு மரக்கவில்லை என்றால் சரக்கு பழையது.

ஜப்பானியக் கார விழுதான வசாபி என்று குழாய்களில் விற்பது பெரும்பாலும் ஹார்ஸ்ராடிஷ் என்னும் கார வேர், கடுகு, பச்சை நிறம் ஆகியவற்றின் கலவை. அசல் செடி குளிர்ந்த ஓடைநீர் கேட்கும், வளர ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். துருவிய கால் மணி நேரத்தில் காரமும் மங்கிவிடும். அந்தச் சுள்ளென்ற காரம் கிழங்கில் தயாராக இருப்பதில்லை, திசு நசுங்கும்போது ஒரு நொதி அதை உருவாக்குகிறது. கடுகுப் பொடியிலும் இதே வினைதான் நடக்கிறது. பொடியைக் குளிர்ந்த நீரில் குழைத்துப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். வெந்நீர் விட்டால் நொதி செத்துக் காரமே வராது.

வெனிலாவின் கதை உழைப்பின் கதை. மெக்சிகோவுக்கு வெளியே பூவுக்குக் கையால்தான் மகரந்தம் சேர்க்க வேண்டும். அந்த எளிய முறையை 1841-இல் ரீயூனியன் தீவில் கண்டுபிடித்தவர் எட்மோன் அல்பியுஸ், 12 வயது அடிமைச் சிறுவன். பூ ஒரே நாள்தான் திறந்திருக்கும், காய் முதிர ஒன்பது மாதம், பதப்படுத்த மேலும் சில மாதம். காய் விரலில் சுற்றினால் ஒடியாமல் வளைய வேண்டும். மேலே மின்னும் வெண்ணிற ஊசிகள் வெனிலின் படிகம், நல்லது. மங்கலாகப் பஞ்சுபோல் இருந்தால் பூஞ்சை, மொத்தத்தையும் எறிந்துவிடுங்கள். குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், காற்றுப் புகாத கண்ணாடிக் குப்பியில் நிழலில் இருக்கட்டும். சாரம் வேண்டுமென்றால் 100 மில்லி வோட்காவுக்கு 10 கிராம் கீறிய காய் போட்டு மூன்று மாதமாவது ஊறவிடுங்கள். மது வேண்டாதவர்கள் ஒரு காயை 250 கிராம் சர்க்கரையில் இரண்டு வாரம் புதைத்து வைக்கலாம். எங்கள் கருத்தில், அவனில் நீண்ட நேரம் வேகும் பிஸ்கட்டுக்குச் செயற்கை எசன்ஸே போதும். காயை ஐஸ்கிரீமுக்கும் கஸ்டர்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

குங்குமப்பூவைத் தூளாக வாங்கவே வாங்காதீர்கள், தூளில் எதையும் கலக்கலாம். இழையைக் குளிர்ந்த நீரில் போடுங்கள். அசலானால் நீர் மெல்ல மஞ்சளாகும், இழை சிவப்பாகவே நிற்கும். போட்டவுடன் நீர் சிவந்து இழை வெளுத்தால் சாயம் ஏற்றிய சரக்கு.

மிசோ என்னும் ஜப்பானியச் சோயா விழுதுக்கும் மீன் சாஸுக்கும் மாதக்கணக்கில் புளித்த சுவை. உப்பும் சோயா சாஸும் கலந்து அதை எட்ட முடியாது, "இதையே போடுங்கள்" என்று நாங்கள் சொல்லமாட்டோம். இரண்டும் நெடுநாள் கெடாதவை. தேவைப்படுவோர் சேர்ந்து கேட்டால் தருவித்துவிடலாம்.

இனிக் கேட்கும்போது பொருளின் பெயரோடு என்ன சமைக்கிறீர்கள், எத்தனை கிராம் வேண்டும், எந்த நாளுக்கு வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். அதைப் பார்த்து, தருவிப்பதா மாற்று சொல்வதா என்று அன்றே பதில் தருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கடையினர்