பிளக்கைச் செருகும் முன் இதைப் படி

அன்புள்ள நண்பனுக்கு,

கடிதமும் படங்களும் கிடைத்தன. முட்டி வலி குறைந்து மறுபடி மாடி ஏறி இறங்குகிறாய் என்று படித்ததும் மனம் லேசாகிவிட்டது. பேத்தி பேசத் தொடங்கிய சேதியைக் கடைசி வரிக்குத் தள்ளியிருக்கிறாயே, அதை அல்லவா முதலில் எழுதியிருக்க வேண்டும்? இங்கே எல்லோரும் சௌக்கியம். வேலைக்குப் போகும் கட்டாயம் இல்லாததால், பகல் முழுக்க மோட்டார்களோடுதான் என் பொழுது.

சரி, நீ புதிதாக வாங்கிப் படம் அனுப்பிய அந்தப் பழைய வேக்குவம் கிளீனருக்கு (தூசி உறிஞ்சும் மெஷின்) வருகிறேன். சந்தேகமே வேண்டாம், அது ஹூவர் 150 தான். 1936-இல் ஹென்றி டிரைஃபஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் வடிவமைத்தது. அதற்கு முன் வந்தவை பெரும்பாலும் மோட்டாரையும் திருகுகளையும் வெளியே காட்டிக்கொண்டு நிற்கும். இவர் எல்லாவற்றையும் ஒரே பேக்லைட் (அந்தக் காலத்துக் கெட்டி பிளாஸ்டிக்) மூடிக்குள் அடக்கினார். எடை குறையட்டும் என்று உடம்புக்கு மெக்னீசியத்தைப் பயன்படுத்தினார்கள். அடுத்த ஆண்டே லுரெல் கில்ட் வடிவமைத்த எலக்ட்ரோலக்ஸ் 30 வந்தது. அது நின்றபடி தள்ளுவது அல்ல, சறுக்குப் பட்டையின் மேல் படுத்திருக்கும் நீள உருளை. இரண்டையும் அக்கம்பக்கமாக வைத்துப் பார்த்தால் அந்தக் காலத்தின் போட்டி முழுக்கக் கண்முன் வந்துவிடும்.

ஆனால் ஒன்று. ஓடுகிறதா பார்க்கலாம் என்ற அவசரத்தில் பிளக்கைச் செருகிவிடாதே. அந்தக் காலத்து வயரில் துணிப் பின்னலுக்கு உள்ளே இருப்பது ரப்பர். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும், வளைத்தால் உள்ளே பொடிப்பொடியாக உதிரும். பல மெஷின்களுக்கு எர்த் கம்பியே கிடையாது. உடம்போ உலோகம். முதலில் வயரை முழுதாக மாற்று. ரேடியோ இரைச்சலைத் தடுக்க உள்ளே சின்ன கெப்பாசிட்டர் ஏதாவது வைத்திருந்தால் அதையும் கழற்றிவிடு. பழைய காகிதக் கெப்பாசிட்டர் கசிந்தால் உடம்பிலேயே மின்சாரம் வரும். பிறகு மெக்கர் (மின்கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் கருவி) வைத்து இன்சுலேஷனைச் சோதி. மெஷினில் பதித்திருக்கும் விவரத் தகட்டில் எத்தனை வோல்ட் என்று பார். 110 என்று இருந்தால், அதன் வாட்டைத் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் 230-இல் போடவே கூடாது. முதல் தடவை ஓட்டும்போது குண்டு பல்பு ஒன்றை சீரிஸில், அதாவது மின்சாரம் பல்பு வழியாகவே மெஷினுக்குப் போகும்படி, போட்டுக்கொள். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து சொல்லிவிடும், மோட்டார் பிழைத்துக்கொள்ளும்.

தகட்டில் ஏசி, டிசி இரண்டும் போட்டிருக்கிறதே என்று குழம்பியிருந்தாய். அது யுனிவர்சல் மோட்டார். அசையாமல் நிற்கும் ஃபீல்டு சுருளும் நடுவில் சுழலும் ஆர்மேச்சரும் ஒரே வரிசையில் இணைந்தவை. மின்சாரம் திசை மாறினால் இரண்டிலும் ஒரே நேரத்தில் மாறும், அதனால் சுழலும் திசை மாறாது. ஊருக்கு ஊர் வேறு வேறு மின்சாரம் இருந்த காலத்தில் இது பெரிய வசதி. இந்த மோட்டாரின் உயிர் கம்யூட்டேட்டரில்தான் இருக்கிறது. ஆர்மேச்சரின் நுனியில் செம்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கிய உருளை அது; கார்பன் பிரஷ் என்ற கரித்துண்டு அதன் மேல் உரசி மின்சாரத்தைக் கொடுக்கும். பிரித்ததும் அதன் செம்பைப் பார். சாக்லேட் நிறத்தில் வழவழப்பாக ஒரு படலம் இருந்தால் கை வைக்காதே, ஆரோக்கியமான மோட்டாருக்கு அதுதான் அடையாளம். கருகிப் பள்ளம் விழுந்திருந்தால் மட்டும் நைஸ் உப்புத்தாளால் மெதுவாகத் தேய். எமரித் தாள் கூடாது, அதன் துகள் செம்புப் பட்டைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டு தொல்லை கொடுக்கும். பட்டைகளுக்கு இடையில் மின்சாரம் கடத்தாமல் பிரித்து வைக்கும் மைக்கா, செம்பை விடத் துளி தாழ்ந்திருக்க வேண்டும். மேலே எழும்பி நின்றால் கார்பன் பிரஷ் துள்ளும், தீப்பொறி பறக்கும்.

மெஷினின் தூசிப் பையைத் துவைக்காதே என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். துணியின் நெசவுத் துளைகளில் படிந்த நுண்தூசிதான் அதை வடிகட்டியாக ஆக்குகிறது. துவைத்தால் தூசி அறைக்கே திரும்பி வரும். வெளியே எடுத்துப் போய், முகமூடி போட்டுக்கொண்டு, பையை உள்வெளியாகத் திருப்பி மெல்லத் தட்டினால் போதும். எண்பது தொண்ணூறு வருடத் தூசியில் என்னென்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அடியில் இருக்கும் உருளை பிரஷ்ஷைச் சுற்றும் பெல்ட்டை, மெஷினை ஓட்டாத நாட்களில் கழற்றி வை. இழுபட்டபடியே கிடந்தால் நீண்டுவிடும், பிறகு உருளை பிரஷ் சுற்றாது.

உடம்பைச் சுரண்டி புதுப் பெயிண்ட் அடிக்கப் போவதாக எழுதியிருந்தாய். இதில் மட்டும் உன்னோடு ஒத்துப்போக முடியவில்லை. ஒன்று, மெக்னீசியத்தை மெஷின் போட்டுத் தேய்த்தால் பறக்கும் பொடி தீப்பிடிக்கக்கூடியது. இன்னொன்று, கைப்பிடிக்கு அருகே தேய்ந்திருக்கும் இடம் யாரோ வருடக்கணக்காகப் பிடித்துத் தள்ளிய தடம். அதை அழித்துவிட்டால் உன்னிடம் மிஞ்சுவது பளபளப்பு மட்டும்தான். ஆபத்தானதை மாற்று, தேய்ந்ததை விட்டுவிடு, ஓட வை. நான் வைத்துக்கொண்டிருக்கும் கொள்கை இவ்வளவுதான். ஓடாமல் கண்ணாடி அலமாரியில் நிற்கும் மெஷினைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

இந்தப் பழைய சாமானில் அப்படி என்னதான் இருக்கிறது என்று உன் மகன் கேட்டானாமே. ஜேம்ஸ் மரே ஸ்பேங்ளரைப் பற்றி அவனிடம் சொல். ஓஹையோ மாநிலத்துக் கேன்டன் ஊரில், ஒரு கடையில் துப்புரவு வேலை பார்த்தவர். பெருக்கும் தூசி அவருடைய ஆஸ்துமாவைக் கிளப்பிவிட்டது. மின்விசிறி மோட்டாரையும் தலையணை உறையையும் துடைப்பக் கட்டையையும் சேர்த்து, தானே ஒன்றைக் கட்டினார். 1908-இல் காப்புரிமை கிடைத்தது. அதைத்தான் தோல் வியாபாரம் செய்துகொண்டிருந்த ஹூவர் வாங்கினார். அதற்கு முன்பே, 1901-இல், இங்கிலாந்தில் ஹியூபர்ட் செசில் பூத், குதிரை இழுத்துவரும் வண்டியில் பெட்ரோல் இன்ஜினோடு ஒரு மெஷினை ஏற்றித் தெருவில் நிறுத்தி, நீளக் குழாயை ஜன்னல் வழியே வீட்டுக்குள் விட்டார்தான். ஆனால் ஒருவர் தன்னந்தனியாகத் தள்ளிக்கொண்டு போகும் மெஷினை வீட்டுக்குள் கொண்டு வந்தது, மூச்சுவிடச் சிரமப்பட்ட அந்தத் துப்புரவுத் தொழிலாளியின் யோசனை. அதை நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு மோட்டாரையும் திறக்கிறேன். ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் முழுதாகப் பிரித்துவிடலாம், எதுவும் ஒட்டி மூடப்பட்டிருக்காது. கெட்டால் சரி செய்வார்கள் என்று நம்பிச் செய்த பொருள். அந்த நம்பிக்கையை நாம் காப்பாற்ற வேண்டாமா?

கார்பன் பிரஷ்ஷின் நீளம், அகலம், தடிமன் மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்து எழுது. என்னிடம் உள்ள டப்பாவில் தேடிப் பார்க்கிறேன். சரியான அளவு இல்லாவிட்டாலும் கவலையில்லை, கொஞ்சம் பெரியதைத் தேய்த்து அளவுக்குக் கொண்டு வந்து அனுப்புகிறேன். தகட்டில் இருக்கும் எழுத்துகளையும் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பு.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்