உன் கிட்டாரின் முதுகுக்குள் ஒரு பேட்டரி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். டொராண்டோவில் எத்தனை அடி பனி என்று தவறாமல் எழுதுகிறாய், கிட்டாரை வெட்டலாமா கூடாதா என்று கேட்டதற்கு மட்டும் பதிலே இல்லை. அதில் பாதி உன் காசு என்பதால்தான் கேட்டேன். காத்திருந்து பார்த்துவிட்டு வேலையை முடித்துவிட்டேன். பதறாதே. முன்பக்கம் ஒரு கீறல் இல்லை. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாலும் எங்கே கை வைத்தோம் என்று உன்னால் கண்டுபிடிக்க முடியாது.

நம்ம எலெக்ட்ரிக் கிட்டார், அந்த ஸ்ட்ராட்டின் இரைச்சல் உனக்குத் தெரியும். ஸ்ட்ரிங்கின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் ஒற்றைச் சுருள் (சிங்கிள் காயில்) என்றால் பக்கத்தில் விளக்கு டிம்மர் இருந்தாலும், மேடையில் சீரியல் செட் எரிந்தாலும் அதையும் சேர்த்துத்தான் பாடும். அதனால் மூன்று பிக்கப்பையும் கழற்றிவிட்டு இ.எம்.ஜி. கம்பெனியின் எஸ்.ஏ. பிக்கப் போட்டிருக்கிறேன். பிங்க் ஃபிளாய்ட் கில்மோர் தன் சிவப்பு ஸ்ட்ராட்டில் வைத்திருந்த அதே வகை. பிக்கப்புக்குள்ளேயே சிக்னலைப் பெருக்கும் குட்டி ப்ரீஆம்ப் இருக்கிறது, அதற்கு 9 வோல்ட் பேட்டரி வேண்டும்.

இரைச்சல் மட்டும் காரணம் இல்லை. திருவிழா மேடையில் பேஸ் கிட்டார் அண்ணனுக்கு நடந்ததை நீயும் மறந்திருக்க மாட்டாய். கை ஸ்ட்ரிங்கில், உதடு மைக்கில். மைக் ஒரு லைன், ஆம்ப் வேறு லைன், எர்த் எங்கே போனதோ தெரியாது. அவர் கீழே விழுந்த சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. சாதாரண பிக்கப்பில் இரைச்சலைக் குறைக்க ஸ்ட்ரிங்குகளை எர்த்தோடு இணைத்தே ஆக வேண்டும். இ.எம்.ஜி.யில் அந்த வயரைக் கழற்றிவிடச் சொல்கிறார்கள். எர்த் சரியில்லாத மேடையில் ஏறக்கூடாது என்பது மாறாது. ஆனாலும் என் விரல்களுக்கும் அந்தக் கோளாறுக்கும் நடுவில் ஒரு வயர் குறைந்திருக்கிறது. எனக்கு அது பெரிய விஷயம்.

சரி, பேட்டரியை எங்கே வைப்பது? நிறைய பேர் முதுகில் சதுரமாக வெட்டி, பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைப் பதித்துவிடுகிறார்கள். அந்தச் சன்பர்ஸ்ட் வண்ண முதுகில் கறுப்புப் பிளாஸ்டிக் கதவா? மனம் வரவில்லை. முன்பக்கத் தகடு, அதாவது பிக்கார்டுக்குக் கீழே திணிக்கலாம், ஆனால் மாற்றும்போதெல்லாம் ஸ்ட்ரிங்கைத் தளர்த்தி 11 ஸ்க்ரூ கழற்ற வேண்டும்.

அப்போதுதான் முதுகில் மூடிக்குள் இருக்கும், பிரிட்ஜை இழுத்துப் பிடிக்கிற ஸ்பிரிங்குகளின் குழி கண்ணில் பட்டது. சுரத்தை அசைக்கும் டிரெமொலோ கைப்பிடியை நீ உடைத்த நாளிலிருந்து, ஸ்ட்ரிங்குகள் உட்காரும் அந்த பிரிட்ஜை யாரும் ஆட்டுவதே இல்லை. ஒரு மரக்கட்டையை இறுக்கி அதை அசையாமல் நிறுத்திவிட்டேன். இனி இரண்டு ஸ்பிரிங் போதும், அவற்றை ஒரு ஓரமாக ஒதுக்கினால் மறு ஓரம் பேட்டரிக்கு. அகலம் 26.5 மில்லிமீட்டர், தாராளமாகப் போகிறது. ஆழம்தான் இடித்தது. பேட்டரியின் தடிமன் 17.5, குழி 16தான்.

இங்கேதான் எனக்குத் தூக்கம் போனது. அந்தக் குழிக்கு நேர் எதிரே, முன்பக்கத்தில், பிக்கப் குழிகள் இருக்கின்றன. கிட்டார் உடம்பின் தடிமன் 45, முன்னால் 17 போய்விட்டது. பின்னால் 20 ஆக்கினால் நடுவில் மிஞ்சுவது 8 மில்லிமீட்டர் மரம். டிரில்லில் வட்டக் குழி எடுக்கும் ஃபோர்ஸ்ட்னர் பிட் போடலாம் என்றால், அதன் நடு முள் முந்திக்கொண்டு இறங்கும், அந்த 8-லும் பாதி போகும். அதனால் தெருமுனை ஆசாரியிடம் எடுத்துப் போனேன். கதவுக்குப் பூட்டுக்குழி எடுப்பது போல உளியாலேயே செதுக்கினார். ஒவ்வொரு சீவலுக்கும் நான் அளவுகோலை நீட்ட, ஒரு கட்டத்தில் "தம்பி, கொஞ்சம் டீ வாங்கிட்டு வாங்க" என்று என்னை வெளியே அனுப்பிவிட்டார். திரும்பி வந்தபோது அடித்தளம் கண்ணாடி மாதிரி சமமாக இருந்தது. அவர் கைக்குத் தங்க வளையல் போட வேண்டும்டா.

வயருக்குத் தனி ஓட்டையே போடவில்லை. எர்த் வயர் போன பழைய துளை அங்கிருந்து கன்ட்ரோல் குழிக்குப் போகிறது அல்லவா? அந்த வயரைத்தான் கழற்றிவிட்டோமே, காலியான வழியில் பேட்டரி வயர் போய்விட்டது. ஸ்பிரிங் உரசாமல் இருக்க நடுவில் மெல்லிய பிளைவுட் தடுப்பு, கடகடவென்று ஆடாமல் இருக்க அடியில் கம்பளித் துணி, இழுத்து எடுக்க ஒரு ரிப்பன். மேலே அதே பழைய மூடி, அதே ஸ்க்ரூக்கள்.

மூடியைக் கழற்ற ஆறு ஸ்க்ரூவா என்று நீ கேட்பாய். மூன்று பிக்கப்பும் சேர்ந்து குடிப்பது கால் மில்லிஆம்பியர் அளவுதான். நல்ல அல்கலைன் பேட்டரி ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் தாங்கும். எப்போதோ ஒருநாள் திறப்பதற்கு முதுகில் எதற்குக் கதவு? கேபிள் செருகும் ஜாக்கை மட்டும் ஸ்டீரியோவாக மாற்றியிருக்கிறேன், அதுதான் சுவிட்ச். கேபிளைச் செருகினால் கரண்ட், பிடுங்கினால் நின்றுவிடும். வாசித்து முடித்ததும் கேபிளைச் சொருகியபடியே சுவரில் சாய்த்து வைக்கும் உன் பழக்கத்தை விட்டுவிடு, இல்லையென்றால் விடிய விடிய பேட்டரி தீரும்.

நேற்று இரவு ஆம்பை முழுதாகத் திருப்பிவிட்டுக் கையை எடுத்தேன். சத்தமே இல்லை. பிறகு ஒரு ஸ்ட்ரிங்கை மட்டும் தட்டினேன், அது அடங்கும் வரை முழுசாகக் கேட்டது. இத்தனை வருடத்தில் நம்ம கிட்டார் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

பழைய பிக்கப்புகளைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்திருக்கிறேன், வால்யூம், டோன் கன்ட்ரோல்களும் வயரும் சேர்த்து அப்படியே. உனக்கு அங்கே வேண்டுமா, இங்கேயே இருக்கட்டுமா என்று எழுது. வரும்போது 9 நம்பர் ஸ்ட்ரிங் இரண்டு செட் வாங்கி வா.

அன்புடன்,
உன் மச்சான்