நாற்காலிக்கு ஆர்டர் கொடுக்கும் முன் எங்களைக் கேளுங்கள்

கோலாலம்பூர்

பல்கலைக்கழக மேம்பாட்டு, சொத்து நிர்வாகத் துறைப் பொறுப்பாளர்களுக்கும் கொள்முதல் குழுவினருக்கும் வணக்கம்.

மலாய் மொழியில் அனுப்பிய மின்னஞ்சல்களுக்குப் பதில் வரவில்லை. ஆகவே, பிள்ளைகளை உங்களை நம்பி அனுப்பியிருக்கும் பெற்றோரும் படிக்கட்டும் என்று இதைத் தமிழில், திறந்த மடலாக எழுதுகிறோம். சென்ற விடுமுறையில் குழுக் கற்றலுக்கென்று புது நாற்காலிகள் போட்டுப் புதுப்பித்த வகுப்பறையின் நிலைமை உங்களுக்குத் தெரிந்ததுதான். அதே நாற்காலிகளை இன்னும் இரண்டு அறைகளுக்கு வாங்கப் போவதாக அறிகிறோம். கையெழுத்திடும் முன், அங்கே பாடம் நடத்துகிறவர்களை அழைத்துப் பேசுங்கள். எங்கள் வேண்டுகோள் அவ்வளவுதான்.

கைப்பிடியில் சின்னப் பலகை பொருத்திய 60 நாற்காலிகள் அந்த அறையில் இருக்கின்றன. சக்கரம் இருப்பதால் குழுக் கற்றலுக்கு ஏற்றவை என்று எடுத்துக்கொண்டீர்கள். பலகையின் அகலம் 30 செ.மீ.; 15 அங்குல மடிக்கணினியின் அகலமோ ஏறக்குறைய 36 செ.மீ. கணினியை வைத்துவிட்டால் குறிப்பேட்டை மடியில்தான் வைக்க வேண்டும். பலகை எல்லாம் வலப்பக்கமே. இடக்கைக்காரர்கள் உடம்பைத் திருகிக்கொண்டு எழுதுகிறார்கள். ஐந்து நாற்காலிகளை ஒன்றுசேர்த்தாலும் ஒரு மேசை கிடைப்பதில்லை, ஐந்து துண்டுப் பலகைகளும் நடுவில் ஓட்டையுமே மிஞ்சுகின்றன. குழுவாக எழுதும் மாஜோங் தாளை, முக்கால் மீட்டர் அகலமுள்ள அந்தப் பெரிய தாளை, எதன்மேல் விரிப்பது? தரையில் விரிக்கிறார்கள். கணுக்கால் வரை நீளும் பாஜு கூரோங் உடை அணிந்த மாணவிகள் மண்டியிட்டுக் குனிந்து எழுத, இடம் கிடைக்காத இருவர் பின்னால் நின்று கைப்பேசியைப் பார்க்கிறார்கள். முழங்கால் வலி உள்ளவரும் சக்கர நாற்காலியில் வருபவரும் அந்த வட்டத்துக்குள் வரவே முடியாது. குழுப்பணிக்கு மதிப்பெண் உண்டு என்று பாடத்திட்டத்தில் எழுதி வைத்துவிட்டு, அந்தப் பணியைத் தரையில் செய்ய விடுவது நியாயமா?

புதுப்பிக்கப் போகும் அறைகள் ஒவ்வொன்றும் 12 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது 120 சதுர மீட்டர். 60 பேரை அடைத்தால் ஆளுக்கு 2 சதுர மீட்டர். குழுவாக உட்கார்ந்து வேலை செய்ய ஆளுக்கு இரண்டரையாவது வேண்டும். ஆக 48 பேர், ஆறு ஆறாக எட்டுக் குழு. 12 இடம் குறைவது உண்மைதான். அதைக் கால அட்டவணைப் பிரிவோடு இப்போதே பேசித் தீர்க்க வேண்டுமே தவிர, நாற்காலியைச் சிறிதாக்கித் தீர்க்கக் கூடாது. 140 செ.மீ.க்கு 70 செ.மீ. அளவில் 16 மேசைகள் போதும். இரண்டைச் சேர்த்தால் ஆறு பேருக்கான சதுர மேசை. பிரித்தால் தேர்வுக்கான வரிசை. மேற்பலகையை நிமிர்த்தி, ஒன்றோடொன்று செருகி ஓரங்கட்டும் வகையாகவும், பூட்டு வைத்த 75 மி.மீ. சக்கரம் உள்ளதாகவும் இருக்கட்டும். சின்னச் சக்கரங்கள் தரை ஓடுகளின் இடுக்கில் மாட்டும், முடி சுற்றி ஒரே ஆண்டில் இறுகிப்போகும். வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையே கிடைப்பது பத்தே நிமிடம். சக்கரம் ஓடினால் ஆளுக்கொரு மேசையைத் தள்ளி மூன்று நிமிடத்தில் மாற்றிவிடலாம். தூக்கித்தான் நகர்த்த வேண்டுமென்றால் யாரும் நகர்த்த மாட்டார்கள், அறை பழைய விரிவுரைக் கூடமாகவே கிடக்கும்.

மின்சாரத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். 48 பேர் 65 வாட் சார்ஜரைச் செருகினால் 3,120 வாட். 230 வோல்ட்டில் அது 13.6 ஆம்பியர், ஒரு பிளக்கின் ஃபியூஸ் 13 தான். சுவரில் ஒரே இடத்திலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரை ஒன்றோடொன்று கோத்து இழுத்தால் என்ன நடக்கும் என்று உங்கள் மின்பணியாளர்களுக்கே தெரியும். தரையில் பதிக்கும் பெட்டிகளும் வேண்டாம்: மேசை நகரும், பெட்டி நகராது, துடைக்கும் தண்ணீர் உள்ளே இறங்கும். சுவர் நெடுக 2 மீட்டருக்கு ஓர் இரட்டை பிளக் பாயிண்டும், நடுவில் இருக்கும் குழுக்களுக்குக் கூரையிலிருந்து இழுத்து இறக்கும் வயரும் போதும்.

அடுத்தது சத்தம். எட்டுக் குழு ஒரே நேரத்தில் பேசும்போது, எதிரொலிக்கும் அறையில் ஒவ்வொரு குழுவும் மற்றதை மிஞ்சக் குரலை உயர்த்தும். பத்து நிமிடத்தில் அறை சந்தைக்கடையாகிவிடும். 3 மீட்டர் உயர அறையில், விழும் ஒலியில் 80 விழுக்காட்டை உறிஞ்சும் தட்டுகளைக் கூரை முழுக்கப் பதித்தாலே எதிரொலி அடங்கும் நேரம் 0.6 நொடி அளவுக்கு இறங்கிவிடும். சாதாரண ஜிப்சம் கூரை போட்டால் இது நடக்காது.

பெரிய தொடுதிரைக்குப் பணம் இருக்கிறது, திறப்பு விழாவுக்கும் இருக்கிறது. குழுவுக்கொரு வெண்பலகை கேட்டால் மட்டும் ஒதுக்கீடு இல்லை. சக்கரம் வைத்த நாற்காலிகள் உள்ள அறையின் கதவிலேயே ‘இருக்கைகளை நகர்த்தாதீர்’ என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறீர்கள். மாணவர்கள் ஈடுபட்டுக் கற்கும் முறை பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் அமெரிக்காவில் வெளிவந்த கட்டுரை, வெறும் விரிவுரை கேட்ட அறிவியல், பொறியியல், கணித மாணவர்கள் தோல்வியடையும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு என்று காட்டியது. மேசை மட்டும் பாடம் நடத்தாது, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் எங்களை ஆண்டுதோறும் பயிற்சிப் பட்டறைக்கு அனுப்புகிறீர்கள்; அங்கே கற்றதைச் செய்ய அறை இடம் தர வேண்டாமா?

கோபம் சற்று மேலோங்கிவிட்டது, பொறுத்தருளுங்கள். பணிவோடு மீண்டும் கேட்கிறோம்: கொள்முதல் ஆணையில் கையெழுத்திடும் முன் ஒரு பிற்பகலை எங்களுக்கு ஒதுக்குங்கள். காலி அறைத் தரையில் மேசைகளின் அளவை டேப்பால் ஒட்டிக் காட்டுகிறோம். 48 மாணவர்களையும் சக்கர நாற்காலி ஒன்றையும் உள்ளே விட்டு, இடைவழி 1.5 மீட்டர் இருக்கிறதா, கதவு வரை தடையில்லாமல் போக முடிகிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். பிறகு ஓர் அறைக்கு மட்டும் வாங்கி, ஒரு கல்வித் தவணை பயன்படுத்திப் பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய்யலாம். நாளைக் குறித்து அனுப்புங்கள், நாங்கள் வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
அந்த அறைகளில் பாடம் நடத்தும் விரிவுரையாளர்கள்